தவணை தவறாத பொன்னரசு

பொன்னரசு செத்து எட்டு மாதம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு தவணைகூடத் தவறவில்லை.

உயிரோடு இருந்தவரை அவன் எதையும் நேரத்துக்குக் கட்டியவன் இல்லை. மின்கட்டணம் கட்ட மறந்து இரண்டு முறை வீட்டை இருட்டில் போட்டிருக்கிறான். தண்ணீர் வரிக்காரர் அவனைத் தெருவில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். செத்தபிறகு ஆள் திருந்திவிட்டான். மாதம் பிறந்து ஐந்தாம் தேதி காலையில் அவன் பெயரில் வீட்டுக்கடன் தவணை போய்ச் சேர்ந்துவிடும். அலமாரியில் கிடக்கும் அவனுடைய போன் ஒரு தடவை மினுங்கி அடங்கும். வங்கி அவனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியது. பொங்கலுக்கு, 'நாணயம் மிக்க திரு. பொன்னரசு அவர்களுக்கு' என்று தொடங்கி, ஒரு கார் வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது.

அவன் மனைவி இசக்கி, கார் கடன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள். பிறகு அதைச் சுக்குநூறாகக் கிழித்தாள். சிரிப்பும் ஆத்திரமும் ஒரே மூச்சில் வரும் பெண்ணாக அவள் எப்போதும் இருந்ததில்லை. இந்த எட்டு மாதம் அவளை அப்படி ஆக்கியிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். தூத்துக்குடியில் உப்பளங்களைப் பார்த்த மாதிரி ஓர் அடுக்குமாடியில், நான்காம் தளத்தில், அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. கடன் முழுவதும் பொன்னரசு பெயரில். கடனோடு ஒரு காப்பீடும் உண்டு. அவன் இறந்துபோனால் மிச்சக் கடனைக் காப்பீடு கட்டிவிடும், வீடு மனைவிக்கு வரும். ஆனால் இறந்த ஓராண்டுக்குள் ஆதாரத்தோடு கேட்க வேண்டும். அவன் போனது ஆகஸ்டில். இப்போது ஏப்ரல் நடந்துகொண்டிருந்தது. ஆகஸ்டைத் தாண்டினால் இன்னும் பதினான்கு ஆண்டுத் தவணை அவள் தலையில் விழும். துறைமுக ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவை மேற்பார்க்கும் அவள் சம்பளத்துக்கு அது நடக்கிற காரியம் இல்லை. வீடு போய்விடும்.

காப்பீட்டுக்காரர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். உங்கள் கணவர் இறந்துவிட்டார் என்பதற்கு என்ன ஆதாரம்?

அந்தக் கேள்வி முந்தைய தலைமுறைக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்கும். இறப்புச் சான்றிதழைக் காட்டினால் முடிந்தது. ஆனால் யாருடைய குரலையும் முகத்தையும் கையெழுத்தையும் இயந்திரங்கள் அச்சு அசலாகச் செய்துதரத் தொடங்கிய சில ஆண்டுகளில், உயிரோடு இருந்தவர்களுக்கெல்லாம் இறப்புச் சான்றிதழ்கள் வந்து குவிந்தன. செத்தவர்கள் வீடியோவில் தோன்றிப் பத்திரம் எழுதிக்கொடுத்தார்கள். கடைசியில் அரசாங்கம் கைவிரித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தது. காகிதம் பொய் சொல்லும், படம் பொய் சொல்லும். கையிலிருந்து போகும் பணம் பொய் சொல்லாது. ஆகவே ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதை அவருடைய கிரெடிட் ரிப்போர்ட்டில், பணம் கட்டிய வரலாறு என்ற பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று சட்டம் வந்தது. தொடர்ந்து மூன்று தவணை தவறினால் விசாரணை, விசாரணைக்கும் பதில் இல்லையென்றால் மறைந்தவர். அதுவரை எல்லாரும் உயிரோடு இருப்பவர்கள்தான்.

பொன்னரசு தவறவே இல்லை.

எல்லாருடைய போனிலும் இருப்பதுபோல அவனுடைய போனிலும், கட்ட வேண்டியதையெல்லாம் கவனித்துக் கட்டும் ஒரு 'துணை' இருந்தது. அவன் அதை ஒருநாளும் மதித்ததில்லை. அது ஞாபகப்படுத்தும்போதெல்லாம் 'அப்புறம்' என்று தட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பான். 'அப்புறம்' என்று தட்ட ஆள் இல்லாமல், அந்தத் துணைதான் இப்போது தானாகக் கட்டிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவன் வர வேண்டும், அல்லது அவன் மறைந்துவிட்டதாக, இந்த ரிப்போர்ட்டுகளை வைத்திருக்கும் பதிவகம் சொல்ல வேண்டும். அவன் மறைய வேண்டுமானால் அது நிற்க வேண்டும்.

அவன் வங்கிக் கணக்கில் கிடந்த சொச்சம் தீர்ந்தால் தானாக நின்றுவிடும் என்றுதான் முதலில் இசக்கி நினைத்தாள். பதிவகத்திலும் அதையே சொல்லி அனுப்பினார்கள். சொச்சம் அக்டோபரிலேயே தீர்ந்திருக்க வேண்டும். நவம்பர் ஐந்தாம் தேதி போன் மினுங்கியது. டிசம்பரிலும் மினுங்கியது. ரிப்போர்ட்டில் தவறு இருப்பதாக அவள் மனுப் போட்டாள். பதினைந்தாம் நாள் பதில் வந்தது: தாங்கள் சுட்டிய பதிவுகளைச் சரிபார்த்தோம், கட்டணங்கள் யாவும் உரிய நாளில் முழுமையாக வந்துள்ளன, தவறு ஏதும் இல்லை. சரியாக வந்திருப்பதுதான் தவறு என்று அவள் மறுபடியும் எழுதினாள். அதற்கும் அதே பதில் வந்தது.

சொந்தக்காரர்கள் வேறு. ஊரில் எல்லாரும் புருஷன் சாகக் கூடாது என்று அலைவார்கள், இவள் செத்தவனைச் சாகடிக்க அலைகிறாள் என்று ஒரு சித்தி சொன்னதாகக் காதுக்கு வந்தது. இசக்கி அதற்குக் கோபப்படவில்லை. உண்மையில் அவளைக் குடைந்தது வேறொன்று. போன் அணைந்து கிடந்தாலும் துணை எங்கிருந்தோ கட்டிவிடும், இருந்தும் ஒவ்வொரு மாதமும் நான்காம் தேதி இரவு அவள் அந்தப் போனுக்குச் சார்ஜ் போட்டாள். ஏன் போடுகிறாள் என்று தன்னையே கேட்டுக்கொண்டு போட்டாள்.

ஏப்ரல் தவணையும் பச்சையாக ஏறியபிறகு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவள் மறுபடியும் பதிவகத்துக்குப் போனாள். கவுன்ட்டரில் ஜெனிட்டா பர்னாந்து இருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். இசக்கியைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் தோள்கள் தொங்கிப்போயின. நீங்க ஒருத்திதான் அக்கா என்னைத் தெனம் கனவுல வந்து திட்டுறது என்றாள்.

கனவில் எல்லாம் வேண்டாம், நேரிலேயே திட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னாள் இசக்கி.

ஜெனிட்டா திரையைத் திருப்பினாள். வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு மாதம். பச்சை என்றால் நேரத்துக்குக் கட்டியது. மஞ்சள் என்றால் முப்பது நாளுக்குமேல் தாமதம். சிவப்பு என்றால் அந்தத் தவணை வரவே இல்லை. ஆகஸ்டுக்கு முன்னால் எங்கு பார்த்தாலும் மஞ்சளாக இருந்தது, நடுவில் இரண்டு மூன்று பச்சை வழிதவறி வந்ததுபோல நின்றன. ஆகஸ்டுக்குப் பிறகு வயல் மாதிரி ஒரே பச்சை. இசக்கி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, நவம்பரிலிருந்து ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ஒரு புள்ளி இருக்கிறதே, அது என்ன என்று கேட்டாள்.

ஜெனிட்டா குனிந்து பார்த்தாள். அவளும் இதுவரை அதைக் கவனிக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"இது பொறுப்பாளர் புள்ளிக்கா. இவர் கணக்குல பணம் இல்ல. வேற யாரோ பொறுப்பு ஏத்திருக்காங்க. துணை அவங்க கணக்குல இருந்து எடுத்துக் கட்டுது."

"யாரு?"

"பேரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல. ஆனா வாக்குக் குடுத்த குரல குடும்பத்துக்குக் கேக்கவைக்கலாம்."

பொத்தானைத் தட்டினாள். முதலில் பாத்திரச் சத்தமும், வாழை இலை விரிக்கும் சத்தமும் வந்தன. பிறகு ஒரு கனத்த, தொண்டை கட்டிய குரல்.

"என் தம்பி பேர்ல ஒத்தப் பைசா நிக்கக் கூடாது. அவன் யாருக்கு என்ன குடுக்கணும்னாலும் என்கிட்ட வந்து கேளுங்க. நான் பொறுப்பு."

இசக்கிக்குக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. அது பொன்னரசுவின் அண்ணன் ஆதிலிங்கத்தின் குரல். பதினாறாம் நாள் காரியத்தில், சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால், அவர் எழுந்து நின்று சொன்னது. அவர்கள் பக்கத்தில் அது வழக்கம். போனவனுக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று மூத்தவர் ஒருவர் சபையில் கேட்பார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இரண்டொருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதோடு சரி, இலை போட்டுவிடுவார்கள். அன்றைக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் படத்துக்கு முன்னால், வெற்றிலைத் தட்டில், பொன்னரசுவின் பாட்டுகள் இருக்கிறதென்று யாரோ அவனுடைய போனை வைத்திருந்தார்கள்.

ஒரு குரலை நம்ப முடியாதுதான் அக்கா, அதைப் போலி பண்ணலாம் என்று ஜெனிட்டா விளக்கினாள். ஆனால் அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் ஒரே வாக்கைக் கேட்டிருக்கின்றன. அதைவிட உறுதியான பத்திரம் இந்தக் காலத்தில் கிடையாது.

"அத எப்பிடி நிறுத்துறது?"

"சொன்னவரு இங்க வந்து, கைய வச்சு, 'இவருக்கு நான் பொறுப்பில்ல'ன்னு ஒரு வார்த்த சொல்லணும். அவ்வளவுதான். அஞ்சு நிமிஷ வேலை."

*

ஆதிலிங்கம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். உப்பளத்தில் கொஞ்சம் பாத்தி எடுத்து, கடனில் ஒரு சூரியசக்தி பம்பு போட்டு, பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தார். இசக்கி போனபோது பம்பு ஷெட்டின் நிழலில் உட்கார்ந்து, ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தார். வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன.

எட்டு மாதமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் அவள் அங்கேயே நின்றுகொண்டு கொட்டினாள். மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்து பணம் போவது தெரியுமா, தெரியாதா? அவர் திருப்புளியைக் கீழே வைக்காமலே தெரியும் என்றார். அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. தெரிந்துமா சும்மா இருந்தீர்கள், நான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவதை ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து கேட்டுக்கொண்டு, காப்பியும் குடித்துவிட்டுப் போனீர்களே என்று கேட்டாள்.

நீ வீடு போயிரும் போயிரும்னு சொன்னே, தவணை போய்க்கிட்டிருந்தா வீடு எப்படிப் போகும் என்றார் அவர். அவருக்குத் தெரிந்த கணக்கு அதுதான். தம்பி பெண்டாட்டி தலைக்குமேல் கூரை நிற்க வேண்டும், தம்பி பெயரில் வசவு வரக் கூடாது. இரண்டுக்கும் ஒரே வழி கட்டுவது. அதை வெளியே சொல்லிக்கொள்வது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

இசக்கி உட்கார்ந்து, மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னாள். நீங்கள் கட்டுகிறவரை அவர் உயிரோடு இருக்கிறார். அவர் உயிரோடு இருக்கிறவரை காப்பீடு வராது. ஆகஸ்டு வரைக்கும்தான் நேரம். மே, ஜூன், ஜூலை மூன்று தவணை நின்றால்தான் உண்டு. பதினான்கு வருஷம் கட்ட உங்களால் முடியுமா?

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அங்கன வந்து நான் என்ன சொல்லணும்?"

"அவருக்கு நான் பொறுப்பில்லன்னு ஒரு வார்த்த."

"யாருக்கு? பொன்னரசுக்கா?"

"ஆமா அத்தான்."

"எங்கம்மா சாவும்போது அவனுக்கு ஏழு வயசு, கேட்டியா. அவன என் கையில பிடிச்சுக் குடுத்துட்டுப் போனா. அன்னைலேருந்து பள்ளிக்கூடத்துல, போலீஸ் ஸ்டேஷன்ல, உங்க அப்பா வீட்டு வாசல்ல, எங்கன போனாலும் அவனுக்கு யாரு பொறுப்புன்னா நான்தான் நின்னேன். இப்பம் ஒரு மிஷினு முன்னால நின்னு இல்லன்னு சொல்லச் சொல்லுத."

"அது வெறும் மிஷினுதானே அத்தான்."

"கேக்குதுல்லா?"

அவளுக்கு அழுகை வந்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்ததில் தலை வலித்தது. இந்தக் குடும்பத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு, ஒருத்தன் எதையும் கட்ட மாட்டான், இன்னொருத்தன் எதையும் விட மாட்டான், நடுவில் நான் என்ன பாவம் செய்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வரப்பில் பாதி தூரம் போனபிறகு பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. திங்கக்கிழமை வாரேன் என்றது.

*

திங்கட்கிழமை அவர் வேர்த்து விறுவிறுத்து, நடந்தே வந்தார். பஸ் கதவு திறக்கவில்லையாம், கார்டு பழுதாம், கொஞ்ச நாளாகவே இப்படித்தானாம். இந்த மாதப் பென்ஷன்கூட இன்னும் வரவில்லையாம். எல்லா மிஷினும் ஒரே நேரத்தில் கெட்டுக் கிடக்கிறது என்று முணுமுணுத்தபடி, ஜெனிட்டா காட்டிய கண்ணாடித் தட்டில் கையை வைத்தார்.

ஜெனிட்டா திரையைப் பார்த்தாள். கையை எடுத்துத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வைக்கச் சொன்னாள். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணாச்சி, பம்புக் கடன் கட்டலையா நீங்க?"

"கட்டணும். ரெண்டு மூணு மாசம் முன்னபின்ன ஆயிருச்சு. ரெண்டு கடனுக்கு எங்கன போக? தம்பியோடது முதல்ல போகட்டும்னு விட்டுட்டேன்."

"விசாரணைன்னு போன் வந்திருக்குமே."

தெரியாத நம்பரிலிருந்து யாரோ பெண் நீங்கள் இருக்கிறீர்களா, இருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், ஏமாற்றுக்காரக் கூட்டம் என்று வைத்துவிட்டேன் என்றார் அவர்.

ஜெனிட்டா திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் சிவப்பு. அதற்குக் கீழே, கறுப்புப் பட்டையில்: திரு. ஆதிலிங்கம், மறைந்தவர்.

இசக்கி அதைப் படித்தாள். பொன்னரசு உயிரோடு இருக்கிறான், அவனைத் தூக்கி வளர்த்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. ஆதிலிங்கம் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டார்.

போன வாரத்திலிருந்து என்றாள் ஜெனிட்டா. பதறுகிற அளவுக்கு ஒன்றுமில்லை என்று தைரியம் சொன்னாள். ஏப்ரல் தவணை போனபிறகுதான் அவர் மறைந்திருக்கிறார். மறைந்தவரின் வாக்கு தானாக உறங்கிவிடும், ஆகவே மே மாதம் துணையால் அவர் கணக்கைத் தொட முடியாது. ஆனால் அவர் பாக்கித் தவணையைக் கட்டி எழுந்துவிட்டால் வாக்கும் கூடவே எழுந்துவிடும். அதனால் இன்றைக்கே பம்புக் கடனைக் கட்டிவிடலாம், எழுந்த கையோடு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடலாம். எல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடும்.

பணம் நான் தருகிறேன் என்று இசக்கி பையைத் திறந்தாள்.

ஆதிலிங்கம் கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் இப்பிடியே இருந்தா?"

"எப்பிடியே?"

"எந்திரிக்காம. ஜூலை முடியுறவரைக்கும். அவனுக்குத் தவணை நிக்கும்லா?"

ஜெனிட்டாவுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. நிற்கும், ஆனால் மறைந்தவருக்குப் பென்ஷன் வராது, பஸ் ஏற முடியாது, கடையில் ஒரு பால் பாக்கெட்கூட வாங்க முடியாது, ஆஸ்பத்திரிக்குப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று அடுக்கினாள்.

"ஒத்த வார்த்த அத்தான்." இசக்கியின் குரல் உடைந்தது. "ஒத்த வார்த்த சொல்லுததுக்குப் பதிலா மூணு மாசம் செத்துக் கெடப்பீங்களா?"

"கெடக்கேன்."

"மனுசன்தானா நீங்க?"

"அதான் இல்லன்னு எழுதிருக்கே, பாரு." அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "வா, வெயிலுக்கு முன்ன நடந்திருவோம்."

*

மே மாதம் ஐந்தாம் தேதி போன் மினுங்கவில்லை. இசக்கி அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அந்த மூன்று மாதமும் ஒரு செத்தவரை வைத்துக் காப்பாற்றுவது எப்படி என்று அவள் கற்றுக்கொண்டாள். அவருக்குப் பாலும் அரிசியும் தன் பெயரில் வாங்கினாள். கடைக்காரர் என்ன இசக்கி, ஒரு ஆளுக்கு இவ்வளவா என்று கேட்டபோது முறைத்தாள். பஸ்ஸில் அவருக்குப் பயணமூட்டை என்று சீட்டு எடுக்க முடியுமா என்று ஒரு தடவை நடத்துநரிடம் கேட்டே விட்டாள். ஜூனில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்ட முடியாமல், வெளுக்கும் துணி வரும் பின்வாசல் வழியாக, மடித்த போர்வைகளுக்கு நடுவே தள்ளுவண்டியில் உட்காரவைத்து, தெரிந்த நர்ஸிடம் கூட்டிப்போனாள். அன்றைக்கு முழுவதும் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, நல்லா வெதுவெதுன்னு இருக்கு என்றார்.

ஜூலை மூன்றாம் வாரம் தகவல் வந்தது. திரு. பொன்னரசு மறைந்துவிட்டார், பதிவகம் தன் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது. காப்பீட்டுக்காரர்கள் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. வீடு இசக்கியின் பெயருக்கு வந்தது. ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள், யாராவது துக்கம் விசாரிக்க வரமாட்டார்களா என்று எதிர்பார்த்து வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

அடுத்த வாரம் பம்புக் கடன் பாக்கியைக் கட்டி ஆதிலிங்கத்தை எழுப்பினார்கள். மறைந்தவனுக்கு யாரும் பொறுப்பு நிற்க முடியாது என்பதால் வாக்கு எழவில்லை. யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜெனிட்டா அவரை வரவேற்றுக் கைகொடுத்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. தம்பியின் பக்கத்தைக் காட்டச் சொன்னார்.

பச்சை வயலின் முடிவில் மூன்று சிவப்புக் கட்டங்கள். அவர் முகம் சுருங்கியது. இத எடுக்க முடியாதாம்மா, இப்போது நான் கட்டிவிடுகிறேன் என்றார். இசக்கி, ஐயோ அத்தான் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பையிலிருந்து பணம் வெளியே வந்துவிடுமோ என்று பயந்தவள்போல இறுக்கிப் பிடித்தாள்.

ஜெனிட்டா தலையை ஆட்டினாள். முடியாது அண்ணாச்சி என்றாள். கடனையெல்லாம் முன்பே முடித்துவிட்டு மறைகிறவர்களின் பக்கத்தை அன்றைக்கே அழித்துவிடுவார்கள். யாருக்கும் அதனால் பயன் இல்லை. சிவப்பு இருந்தால் மட்டும் அழிக்க மாட்டார்கள். ஏழு வருஷம் அப்படியே வைத்திருப்பார்கள்.

"ஏழு வருசமா?"

"ஆமா. பேரு, விலாசம், எல்லாத்தோடயும்."

அவர் குனிந்து மூன்று சிவப்புக் கட்டங்களையும் விரலால் தொட்டு எண்ணினார். பிறகு, குடும்பத்தார் வந்து கேட்டால் காட்டுவீர்களா என்று விசாரித்தார். காட்டுவோம் என்றாள் ஜெனிட்டா. மாதம் ஒருக்கா வந்தாலுமா என்று கேட்டார். கவுன்ட்டர் திறந்திருக்கிற நாளில் எப்போது வந்தாலும் என்றாள்.

பன்னிரண்டு மணிப் பஸ் போய்விடும் என்று இசக்கி அவசரப்படுத்தினாள். அவர் நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அவள் வாசல்வரை போய் நின்றாள். திரும்பி வந்தாள். இந்த ஆளோடு மனுஷன் எங்கேயும் நேரத்துக்குப் போக முடியாது என்று ஜெனிட்டாவிடம் சொல்லிவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்தாள்.